இரண்டு விரல் சந்து

மழையில் எதையும் வெளியே விட்டுவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. துணி, துடைப்பம், மிதியடி, மண்ணெண்ணெய் டின், எதுவானாலும் முதல் தூறலிலேயே உள்ளே வந்துவிடும். வீட்டைப் பார்க்க வந்த அன்று நீங்களே சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா: "இவ்ளோ மழையிலயும் வீட்ட எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்கம்மா." அப்படி யாராவது சொல்லிக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. அதனால் நினைவில் நிற்கிறது.

என் பெயர் லூர்துசெல்வி. வயது அறுபத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. மிஷன் வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் அண்ணனோடு இருந்தேன். அதற்கு முன் இருபத்தாறு வருடம் தேவாலயப் பங்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு எழுதியவள் என்பதால் என் கையெழுத்து உங்களுக்குச் சிரமம் தராது. வாயால் சொன்னால் உங்கள் ஏட்டு அவருக்குத் தோன்றியபடி மாற்றி எழுதிவிடுவார். ஆகவே நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரே அறையில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவர் என் அண்ணன் சூசைநாதன், வயது எண்பத்து நான்கு, படுத்த படுக்கை. இன்னொருத்தி அவரைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த சிந்தியா, வயது இருபத்தாறு. மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்த அறையில் ஜன்னலைச் சாத்தியதால் விஷக்காற்று சேர்ந்துவிட்டது என்று டாக்டர் எழுதினார். சாரல் அடிக்கிறதே என்று சிந்தியாதான் ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதினீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். செத்துப்போன பெண்ணின் மேல் பழி நிற்கக் கூடாது. அந்த விஷயத்தில் எனக்கு மனசாட்சி உண்டு.

முதலில் ஸ்டவ்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "இந்த ஊருக்கு எதுக்கும்மா ஹீட்டரு?" என்று கேட்டீர்கள். எல்லோரும் கேட்டதுதான். அண்ணன் சின்ன வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாகச் சேர்ந்து போனவர். பிறகு அங்கேயே ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்து, மனைவியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தார். பனியில் நின்று பழகிய மனிதருக்குப் புதுச்சேரியின் மார்கழி தாங்கவில்லை. கம்பளித் தொப்பி, காலுறை, கழுத்தில் மஃப்ளர் என்று அவர் கடற்கரைக்குப் போனால் தெருவே வேடிக்கை பார்க்கும். கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றில் இந்த ஸ்டவ் இருந்தது. முழங்கால் உயரம், வாளி மாதிரி தூக்கிப் போகக் கைப்பிடி, உள்ளே வட்டத் திரி, சுற்றிலும் கம்பிவலை. பிரெஞ்சில் அதற்குப் புவால் என்று பெயர். நாங்களும் புவால் என்றே சொன்னோம்.

தானே புயலில் ஊர் முழுக்க மின்சாரம் போனபோது தெரு சிரிப்பதை நிறுத்தியது. நடு வராண்டாவில் புவாலை வைத்து அதன் தலையில் பாத்திரம் ஏற்றி, நாங்கள் கஞ்சி காய்ச்சினோம், பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சினோம், சாயங்காலம் அந்த வெளிச்சத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். அண்ணன் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு பெரிய மனிதரைப் போல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அன்று அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

புவாலுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அது எரியும்போது ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்க வேண்டும். பிரான்சில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டுப் படுத்து, குடும்பத்தோடு தூக்கத்திலேயே போய்விட்டாராம். "நெருப்புக்கும் மூச்சு வேணும் செல்வி. நாம குடுக்கலன்னா நம்மகிட்டேருந்து எடுத்துக்கும்" என்பார். எங்கள் வீட்டு ஜன்னல் கதவுகள் வராண்டா பக்கம் திறக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதி, வெளியிலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் தானாகவே இறுகிக்கொள்ளும். அதனால் இரண்டு விரல் கனத்துக்கு வேப்பங்கட்டை ஒன்றைச் சீவி, கதவுகளுக்கு நடுவில் வைக்கக் கொடுத்தார். இந்தக் கட்டையைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை.

எட்டு வருடத்துக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. நான் வேலையை விட்டேன். அவர் மகன் ஜூலியன் பாரிஸில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டி, "பப்பா நல்லா இருக்கார்ல தாந்த்?" என்பான். அத்தை என்பதை அவன் அப்படித்தான் சொல்வான். நல்லா இருக்கார் என்பேன். காலையில் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஷீட் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, துப்பினால் மறுபடி ஊட்டுவது, மறுபடி திருப்பிப் படுக்கவைப்பது. எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. செய்தால் அன்றைய நாள் முடிந்துவிடும், மறுநாள் அதே வரி காத்திருக்கும்.

பேச்சு போய்விட்டது. மிச்சம் இருந்தவை இரண்டு சொற்களும் ஒரு சைகையும்தான். ஒரு சொல் நோன், இன்னொன்று மெர்சி. வேண்டாம், நன்றி. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நீங்கள் திண்டிவனம் பக்கம் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன். சைகை என்பது இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டுவது. ஜன்னலில் கட்டை இருக்கிறதா என்று அர்த்தம். உயிர் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை இருந்தது. நான் தப்பாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் இருப்பதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் என் இடுப்பு விட்டுப்போனதும் ஜூலியன் ஏற்பாட்டில் சிந்தியா வந்தாள். நெல்லித்தோப்பில் வீடு. அப்பா இல்லை, அம்மா பிரிஸ்கில்லா ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறவர். காலை ஏழுக்கு வருவாள், ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போவாள், நாலுக்குத் திரும்பி வருவாள். நல்ல பெண். வாய் ஓயாது. அண்ணனைத் தாத்தா என்பாள், என்னைச் செல்விம்மா என்பாள். முதல் வாரமே, அவள் ஊட்டிய முதல் கரண்டிக் கஞ்சிக்கு அண்ணன் மெர்சி என்றார். இரண்டாவது கரண்டிக்கும் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, "எத்தன மெர்சி தாத்தா, வயிறு ரொம்பிடும்" என்றாள். அவரும் கோணிய வாயோடு சிரித்தார். நான் கதவருகே தட்டோடு நின்றிருந்தேன்.

ஆறு வருடம் நான் ஊட்டியிருக்கிறேன். எனக்கு அவர் சொன்னது நோன். எனக்கு நோன், அவளுக்கு மெர்சி. வீட்டு மனிதர்களிடம் யாரும் நன்றி சொல்வதில்லை என்று எனக்கும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதையும் செய்யவில்லை. நடந்ததை வரிசையாக எழுதும்போது இது வருகிறது, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சிந்தியாவுக்குக் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். முதல் ஓலை. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டால் ஜனவரியில் கல்யாணம், மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. திங்கட்கிழமை காலையில் புதுச் செருப்போடு வந்தாள். சண்டே மார்க்கெட்டில் கல்யாணத்துக்கென்று வாங்கியதாம். வெள்ளை வார், அதில் ஒரு பூ. "போடாம வச்சிருக்கணும்னுதான் பாத்தேன் செல்விம்மா, கால் கேக்கல" என்றாள். தெருவாசலில் விட்டால் யாராவது தூக்கிவிடுவார்கள் என்று அதை அண்ணன் அறை வாசல் வரை கொண்டுவந்துதான் கழற்றினாள். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் முடிந்ததும் நின்றுவிடுவதாகச் சொன்னாள். அண்ணன் அழுதார். எங்கள் அம்மா செத்தபோது தந்தி வந்தும் அழாத மனிதர், என் இடுப்பு ஒடிந்து நான் தரையில் கிடந்தபோது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தேன். ஜனவரியிலிருந்து மறுபடி நானே செய்ய வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் எத்தனை வருடம் என்று நினைத்தேன். அவர் உடம்பு நல்ல கட்டை, டாக்டரே சொல்வார். எனக்குக் களைப்பாக இருந்தது, ஐயா. கோபம் இல்லை. களைப்பு என்பது தூங்கினால் போவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மீன் கொண்டுவந்த சின்னப்பொண்ணுவிடம் மண்ணெண்ணெய் கேட்டேன். ரேஷனில் அது நின்று போய்ப் பல வருடம் ஆகிறது. வைத்திக்குப்பத்தில் அவள் வீட்டுக்காரர் படகு எஞ்சினுக்கு வாங்குவதில் எங்களுக்கும் ஒரு கேன் தருவாள்.

"இன்னாக்கா, இன்னும் குளிரே வர்ல, அதுக்குள்ள கிருஷ்ணாயில் கேக்குற?" என்றாள்.

"மழை வருதாம்" என்றேன்.

மழை வருவதாகச் சொன்னது உண்மைதான். கேனில் கலப்படம் இருந்திருக்குமோ என்று அவளை நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தீர்கள். அது தேவையில்லாத அலைச்சல். நல்ல மண்ணெண்ணெய்.

வியாழக்கிழமை தொடங்கிய மழை வெள்ளிக்கிழமையும் விடவில்லை. பன்னிரண்டரைக்கு அண்ணன் அறையில் நானே புவாலை ஏற்றி, சுடர் நீலமாகப் பிடிக்கும்வரை நின்று பார்த்தேன். ஒரு மணிக்குச் சிந்தியா அண்ணனுக்கு ஊட்டி முடித்து, "வரேன் செல்விம்மா, தாத்தா நல்லா சாப்ட்டாரு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தேன். ஒன்றிலிருந்து நாலு வரை இந்த ஊரில் கடைகள்கூடப் படுத்துவிடும், உங்களுக்கு இப்போது பழகியிருக்கும். அந்த நேரத்தில் யாரும் யாருடைய வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள்.

இரண்டு மணிக்கு வராண்டாவுக்கு வந்தேன். அண்ணன் அறைக்கதவு சாத்தியிருந்தது. மழை வலுத்தால் வராண்டாவில் தண்ணீர் ஓடி அறைக்குள் போகும், அதனால் கதவடியில் சாக்கு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்றை நன்றாக மடித்து, கதவுக்கும் தரைக்கும் நடுவில் இடம் இல்லாதபடி விரித்தேன். பிறகு ஜன்னலுக்குப் போனேன். இரண்டு விரல் சந்தில் அண்ணனின் தலையும் தலையணையும் தெரிந்தன. விழித்துக்கொண்டுதான் இருந்தார். நான் கட்டையை உருவுவதைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எட்டு வருடத்தில் அவர் கேட்டு நான் செய்யாதது அது ஒன்றுதான்.

கதவைத் தள்ளினேன், இறுகிக்கொண்டது. நோன் என்றாரா என்று நீங்கள் கேட்கலாம். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

கட்டையைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். இந்தக் கடிதத்தோடு தரும் கவருக்குள் இருப்பது அதுதான். பிறகு என் அறையில் போய்ப் படுத்தேன். நாலேகால் வரை தூங்கினேன். யாராவது கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டி வைத்துக்கொள்ளாமல் தூங்கினேன். எழுந்தபோது உடம்பு காற்றுப்போல இருந்தது, கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

சிந்தியா திரும்பி வந்திருந்தாள். தெருமுனையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், நெல்லித்தோப்புக்குப் போக வழியில்லை. தெருக்கதவைப் பகலில் நாங்கள் தாழிடுவதில்லை. நனைந்த தலையோடு வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, புவாலின் சூட்டுக்கு ஜன்னலடியில் பாயை விரித்துப் படுத்திருக்கிறாள். ஜன்னல் சந்தில் பார்த்தால் அந்த இடம் தெரியாது. உங்கள் போட்டோகிராபர் எடுத்த படத்தில் பாருங்கள், நான் சொல்வது சரியாக இருக்கும். நான் கதவைத் திறந்தபோது அவள் கூந்தல் முழுக்கக் காய்ந்திருந்தது.

ஆகவே நான் செய்தது ஒன்று, நடந்தது இரண்டு. முதலாவதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது எண்பத்து நாலு வயது மனிதருக்குக் கிடைத்த விடுதலை என்பது என் எண்ணம். இரண்டாவது விபத்து. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் ஒன்று என்றுதான் சொன்னேன்.

இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். பிரிஸ்கில்லாவால்தான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணு ஜன்னல சாத்திட்டாக்கா. படிச்ச புள்ள, அறிவு எங்க போச்சின்னு தெரியல. உங்க அண்ணன கொன்னுட்டா. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்று அழுதார். எழுந்திருங்கள் என்றேன். கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்.

அதோடு விடவில்லை. சனிக்கிழமை தோறும் நெல்லித்தோப்பிலிருந்து நடந்து வந்து என் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார். மகள் செய்த பாவத்துக்குப் பரிகாரமாம். தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. அண்ணன் அறையில் மண்டியிட்டுத் தரையைத் தேய்ப்பார், ஜன்னல் கதவைத் துடைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒன்பது சனிக்கிழமை அப்படி வந்தார். என் இடுப்புக்கு அது ஒத்தாசையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

போன சனிக்கிழமை வேலை முடிந்ததும், "சிந்தியா செருப்பு எங்கனா இருக்காக்கா? கல்யாணத்துக்கு வாங்குன சாமானெல்லாம் ஒரு பெட்டியில போட்டு வைக்கிறேன்" என்று கேட்டார். கூடத்தில் இருக்கும் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு அவ்ளோ தண்ணியில வந்திருக்கா, ஒரு சேறு இல்ல. வார்கூட விட்டுப்போவல. நீங்களா எடுத்து வச்சீங்க?"

"ஆமாம்."

"தொடச்சா வச்சீங்க?"

"ஆமாம்."

செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணு உங்களுக்கு அப்பிடி ஒரு கெடுதி பண்ணியிருக்கா. நீங்க அவ செருப்ப எடுத்து தொடச்சி வச்சிருக்கீங்க. உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் பத்தாதுக்கா" என்றார்.

எட்டு வருடம் ஒரு வாயிலிருந்து வருமென்று காத்திருந்த சொல்லை, இந்த அம்மாள் என் காலடியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். அன்றிலிருந்து எனக்கு மத்தியானத் தூக்கம் வருவதில்லை. அவர் இனிமேல் என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். ஜன்னலைச் சாத்தியது அவர் மகள் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் எழுத வந்தது இவ்வளவுதான்.

செருப்பை எப்போது எடுத்தேன் என்று பிரிஸ்கில்லா கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள். சாக்கை விரிப்பதற்கு முன்னால் எடுத்தேன். அறை வாசலில் ஈரத்தோடு கிடந்தது, மழையில் எதையும் வெளியே விட்டுவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.